மணலில் வரைந்த மனை



ஒரு கட்டடம் எழுப்ப வேண்டுமாயின் முதலில் நாம் என்ன செய்கிறோம்? நிலம் வாங்குகிறோம், வரைபடம் போடுகிறோம், நகராட்சியின் அனுமதிக்காக நடையாய் நடக்கிறோம், பிறகு கொத்தனாரை அழைத்து நல்ல நாள் பார்க்கிறோம். நிலம் என்பது நமக்கு இத்தனை சதுர அடி என்று அளந்து விலை பேசப்படும் ஒரு பொருள். கட்டடம் எழும்பும்வரை அது வெறும் மனை. எழும்பிய பின்னரோ அதன் நினைவே நமக்கு அற்றுப்போகிறது. நிலத்தைப் பற்றி இதற்கு முற்றிலும் மாறாக எண்ணும் ஒரு மக்களுக்காக எழுந்த கட்டடம் ஒன்றைப் பற்றி இன்று சிறிது பேசலாம் என்று கருதுகிறோம்.

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் நகரிலிருந்து சாலை வழியே 450 கிலோமீட்டருக்கும் அப்பால், செம்மணல் சமவெளியின் நடுவே ஒரு பாறை எழுந்து நிற்கிறது. மலைத்தொடரின் ஒரு பகுதியன்று. தனித்து நிற்கும் ஒரே பாறை. தரைமட்டத்திலிருந்து அதன் உயரம் 348 மீட்டர். திருச்சி மலைக்கோட்டைப் பாறையைப் போன்ற நான்கு பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உச்சியை எட்டாது. அடிவாரத்தைச் சுற்றி நடந்தால் 9 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கல்லில் கலந்துள்ள இரும்பு துருவேறிச் சிவந்திருப்பதால், காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாக அது தோன்றுகிறது. பொழுது சாயும் நேரத்தில் தணல் போல் கனன்று, பிறகு மெல்ல மெல்லக் கருகி இருளோடு கலந்துவிடுகிறது. அந்தப் பாறையின் பெயர் உலுரு.

1873-ஆம் ஆண்டில் வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் அங்கே வந்தார். தென் ஆஸ்திரேலியாவின் முதன்மைச் செயலராக அப்போது இருந்த சர் ஹென்றி ஏயர்ஸ் என்பவரின் பெயரை அந்தப் பாறைக்குச் சூட்டினார். நூறாண்டுக்கும் மேலாக உலக வரைபடங்களில் அது ‘ஏயர்ஸ் ராக்’ என்றே குறிக்கப்பட்டு வந்தது. ஆனால், எண்ணற்ற தலைமுறைகளாக அதைச் சுற்றி வாழ்ந்து வந்தவர்களுக்கு அது என்றும் உலுருதான். அவர்கள் பிட்ஜன்ஜாரா, யாங்குனிஜாரா ஆகிய மொழிகளைப் பேசுபவர்கள். தங்களை அவர்கள் ‘அனங்கு’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள், மனிதர் என்பது அதன் பொருள்.

இந்தச் சொல்லை வானொலியில் கேட்கும் நேயர்களுக்கு உடனே நம் ‘அணங்கு’ நினைவுக்கு வரக்கூடும். அப்படி ஓர் ஆசை எழுவது இயல்பே. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் பாதிரியாரே ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளுக்கும் நம் மொழிகளுக்கும் சில ஒற்றுமைகள் உண்டு என்று கருதியவர். நாவை மடித்து ஒலிக்கும் ட, ண, ள போன்ற ஒலிகள் அங்கும் உண்டு. நம் மொழியில் சொல்லுக்கு முதலாவதே அரிதாகிய ‘ங’, அங்கே சொல்லின் தலையிலேயே நிமிர்ந்து நிற்கிறது. ஆயினும் இன்றைய மொழிநூலார் இவற்றைக் கொண்டு உறவு நாட்ட ஒப்புவதில்லை. ஒலி ஒத்திருப்பதைக் கண்டு மகிழலாம். பங்காளி என்று சொல்லிப் பாகம் கேட்க வேண்டா.

அவ்வாறு ‘ங’ தலைநிற்கும் சொற்களுள் ஒன்று ‘ஙுரா’ என்பது. தங்குமிடம், வீடு, ஊர், நாடு என்ற எல்லாவற்றுக்கும் அது ஒன்றே சொல். ஒரு மர நிழலில் இரவு தங்கினாலும் அது ஙுரா. முன்னோர் நடந்த பெருநிலம் முழுவதும் ஙுரா. ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடியினர் ஆங்கிலத்தில் பேசும்போது இந்தக் கருத்தைக் ‘கன்ட்ரி’ என்ற சொல்லால் குறிப்பிடுகிறார்கள். அரசாங்கத்தையோ எல்லைக்கோட்டையோ அவர்கள் அச்சொல்லால் குறிப்பதில்லை. மண், நீர், மரம், விலங்கு, காற்று, வான், அங்கே வாழ்ந்தவர், வாழ்பவர், பிறக்க இருப்பவர், அவர்களுடைய ஒழுக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒன்றே அது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று திணையைப் படித்த நமக்கு இது ஓரளவு விளங்கும். ஆனால் நாம் திணையைப் பெரும்பாலும் பாட்டில் விட்டுவிட்டோம். அவர்களோ அதனோடு பேசுகிறார்கள். ஒரு சுனையை நெருங்கும்போது குரல் கொடுத்து, இன்னார் வந்திருக்கிறோம் என்று அறிவித்துக்கொள்ளும் வழக்கம் ஆதிக்குடியினர் பலரிடம் உண்டு. கவனிக்க ஆளில்லாத நிலம் நோயுறும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குத் தக்க செயலும் உண்டு: பருவம் அறிந்து புல்லை ஆங்காங்கே சிறிது சிறிதாக எரித்து, பெருந்தீ வராமலும் புதுத் தளிர் எழவும் வகை செய்வது அவர்களுடைய பழந்தொழில்.

இவ்வளவுக்கும் ஆணிவேராக இருப்பது ‘ஜுகுர்ப்பா’. ஆங்கிலத்தில் இதைக் ‘கனவுக் காலம்’ என்று பெயர்த்துவிட்டார்கள். அது பொருத்தமான பெயர்ப்பு என்று நமக்குத் தோன்றவில்லை. கனவு என்றால் விழித்ததும் கலைவது. காலம் என்றால் கழிந்து போவது. ஜுகுர்ப்பாவோ சட்டம், வரலாறு, சமயம், உறவுமுறை எல்லாம் ஆகி, இன்றும் நடைமுறையில் இருப்பது. ஆதியில் மனிதராகவும் விலங்காகவும் இருந்த முன்னோர்கள் நிலத்தின் மேல் நடந்தார்கள். அவர்கள் செய்த செயல்களே குன்றும் குகையும் சுனையுமாக நின்றன என்பது அதன் அடிப்படை. அதனால் ஒவ்வொரு கதைக்கும் ஓர் இடம் உண்டு. இடத்தைக் காட்டாமல் கதை சொல்ல இயலாது.

உலுருவில் வருவோர்க்கெல்லாம் அனங்குகள் சொல்லும் ஒரு கதையைக் கேளுங்கள். குனியா என்பவள் மலைப்பாம்பு மங்கை. தன் முட்டைகளை மாலை போல் கழுத்தில் சுமந்துகொண்டு கிழக்கிலிருந்து உலுருவுக்கு வந்தாள். அவளுடைய உடன்பிறந்தார் மகன் ஒருவனை, லிரு எனப்படும் நச்சுப்பாம்பு வீரர்கள் தாக்கிக் கொன்றனர். அவர்கள் எறிந்த ஈட்டிகளின் தழும்பு பாறையின் முகத்தில் குழிகளாக இருக்கிறது. துயரமும் சினமும் கொண்ட குனியா, முட்டிஜுலு என்னும் சுனை அருகே ஒரு லிரு வீரனை எதிர்கொண்டாள். அவன் எள்ளி நகைத்தான். அவள் தன் கிழங்கு தோண்டும் கழியால் அவனை இருமுறை அடித்தாள். அந்த இரண்டு அடிகளும் பாறையில் இரண்டு பிளவுகளாக இன்றும் தெரிகின்றன. அந்தச் சுனையைச் சூழ்ந்த பாறையின் வளைவில் அவளுடைய உடலின் நெளிவையே அனங்குகள் காண்கிறார்கள். உறவினன் இறந்தால் எவ்வாறு துக்கம் காக்க வேண்டும், சினம் எந்த எல்லைவரை முறையானது, தவறு செய்தவனைத் தண்டிக்கும் உரிமை யாருடையது என்ற கேள்விகளையெல்லாம் அவர்கள் அந்தப் பாறையைக் காட்டியே குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

நாம் கேட்டது இக்கதையின் மேல்தோல் மட்டுமே. மேலும் ஆழமான பகுதிகள் உண்டு. அவை உரியவருக்கு மட்டும் உரிய வயதில் சொல்லப்படுபவை. ஆடவருக்கே உரிய இடங்கள் உண்டு. பெண்டிருக்கே உரிய இடங்களும் உண்டு. ஒருவர் இடத்தை மற்றவர் பார்ப்பதும் தகாது. கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது இச்செய்தி நமக்கு மிகவும் தேவைப்படும்.

இனிக் கட்டடம் எழுந்த வரலாற்றுக்கு வருவோம். 1958-ஆம் ஆண்டில், பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலத்திலிருந்து உலுருவையும் அதன் அயலில் உள்ள கட்டா ஜுட்டா குன்றுகளையும் பிரித்தெடுத்துத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பாறையின் அடிவாரத்திலேயே விடுதிகளும் விமானத் தளமும் வந்தன. உச்சிக்கு ஏறுவதற்கு 1960-களில் பாறையில் துளையிட்டுச் சங்கிலி நாட்டினார்கள். வந்தவர்கள் ஏறினார்கள், புகைப்படம் எடுத்தார்கள், இறங்கினார்கள், போய்விட்டார்கள். அவர்கள் ஏறிய வழி மாலா என்னும் சிறு வாலபி முன்னோர்கள் நடந்த புனித வழி என்பது ஏறியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏறும்போது விழுந்தும் மூச்சடைத்தும் இறந்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். தம் மண்ணில் ஒரு விருந்தினர் இறந்தால் அந்தத் துக்கம் தம்முடையது என்று அனங்குகள் கருதுகிறார்கள். விருந்தினருக்குத் தீங்கு நேராமல் காப்பது அவர்களுடைய ஒழுக்கத்தின் ஒரு பகுதி. தம்மைக் கேளாமலே வருபவர்களுக்காகத் தாமே துக்கம் காத்தவர்கள் அவர்கள்.

நீண்ட போராட்டத்துக்குப் பின், 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், கவர்னர் ஜெனரல் சர் நினியன் ஸ்டீபன் அந்த நிலத்தின் உரிமைப் பத்திரத்தை அனங்கு மக்களிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்த அன்றே அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக நடத்தும் பொருட்டு 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசாங்கத்திடம் திரும்பத் தந்தார்கள். முன்னரே அப்படி ஒரு நிபந்தனை இருந்தது. கையில் வாங்கிய கை சூடாறுமுன் கொடுக்க வேண்டியிருந்த உரிமை அது. ஆயினும் பூங்காவை நிர்வகிக்கும் குழுவில் அனங்குகளே பெரும்பான்மையினராயினர். இனி வருகிறவர்களுக்கு இவ்விடம் எத்தகையது என்பதை யார் சொல்வது, எங்கே வைத்துச் சொல்வது என்ற கேள்வி அப்போது எழுந்தது. அந்தக் கேள்விக்கு விடையாக எழுந்ததுதான் உலுரு-கட்டா ஜுட்டா பண்பாட்டு நிலையம்.

1990-ஆம் ஆண்டில் அனங்கு மக்களும் பூங்காப் பணியாளர்களும் சேர்ந்து அதற்கு இடம் தேர்ந்தார்கள். கட்டடக் கலைஞராக மெல்போர்னைச் சேர்ந்த கிரெகரி பர்ஜஸ் அமர்ந்தார். அவர் முன்பே விக்டோரியா மாநிலத்தின் கரிவர்டு மலைப்பகுதியில், ஐந்து பழங்குடிச் சமூகங்களுக்காக ‘பிரம்பக்’ என்ற பண்பாட்டு நிலையத்தைக் கட்டியவர். வெண்ணிறக் காக்கட்டுவா பறவை சிறகு விரித்தது போன்ற கூரையும், நடுவே கல்லால் அமைந்த பெரிய கணப்பும் கொண்ட அந்தக் கட்டடம் 1990-இல் ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் உயரிய பரிசைப் பெற்றது.

பரிசு பெற்ற கலைஞர் என்றால் வழக்கமாக என்ன நடக்கும்? கையில் சுருட்டிய வரைபடத்தோடு விமானத்திலிருந்து இறங்குவார், கூட்டம் கூட்டுவார், தம் கருத்தை விளக்குவார், கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். இங்கே அவ்வாறு நடக்கவில்லை. பர்ஜஸும் அவருடைய துணைவர்களும் அங்கேயே சென்று அனங்கு மக்களோடு தங்கினார்கள். நிலத்தில் நடந்தார்கள், முதியோர் சொல்வதைக் கேட்டார்கள். அனங்குகள் பேசும்போது விரலால் மணலில் வரைந்துகொண்டே பேசுவார்கள். வளைகோடு என்றால் அமர்ந்திருக்கும் ஆள். வட்டம் என்றால் சுனை அல்லது தங்குமிடம். நெளிகோடு பாம்பு சென்ற வழி. கதை முடிந்ததும் உள்ளங்கையால் மணலை நீவிவிடுவார்கள். அடுத்த கதைக்கு நிலம் ஆயத்தமாகிவிடும். இந்தக் கட்டடத்தின் முதல் வரைபடம் அப்படித்தான் மணலில் எழுந்தது. பின்னர் அவற்றையே வண்ண ஓவியங்களாகத் திரைச்சீலையில் எழுதிக் கட்டடக் கலைஞரிடம் தந்தார்கள். பொறியாளரின் நீலப்படம் அதன் பிறகுதான் வந்தது.

அந்த ஓவியங்கள் சொன்னது இது: மனை ஒன்றாக இருக்கலாகாது, இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று குனியா, மற்றொன்று லிரு. இடையே உள்ள திறந்த வெளியின் இரு புறமும் அவை ஒன்றையொன்று நோட்டமிட்டுக்கொண்டு நெளிந்து கிடக்க வேண்டும். போர் இன்னும் முடியவில்லை என்பது போல.

கட்டடக் கலை பயின்ற சிலர் இங்கே முகம் சுளிக்கலாம். பாம்பு போல் ஒரு கட்டடம், மீன் போல் ஒரு கட்டடம் என்று செய்வது பொருட்காட்சி வாயிலுக்குப் பொருந்தும். கலைக்குப் பொருந்துமா என்று அவர்கள் கேட்பதுண்டு. பொதுவாகப் பார்த்தால் அந்த ஐயம் சரியானதே. விலங்கின் உருவத்தைச் சுவரில் ஏற்றிவிட்டுப் பண்பாடு என்று பெயரிடும் கட்டடங்களை நாம் எங்கும் பார்க்கிறோம். ஆனால் இங்கே நடப்பது வேறு என்று நமக்குத் தோன்றுகிறது. தரையில் நடந்து வருகிறவனுக்குப் பாம்பின் உருவம் முழுமையாகத் தெரியவே தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் வளைந்து செல்லும் ஒரு மண்சுவர். அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் அவன் நடக்கிறான். நேர்கோட்டில் அமைந்த மண்டபத்தைப் போல, நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் கண்டு முடித்துவிட இயலாது. குனியாவைத் தேடி உலுருவின் அடிவாரத்தில் நடப்பவனும் இப்படித்தான் நடக்கிறான். உருவத்தைக் காட்டிலும் அந்த நடையையே கட்டடம் கற்றுக்கொடுக்கிறது.

சுவர்கள் அவ்விடத்து மண்ணால் செய்த பச்சைச் செங்கல்லால் ஆனவை. கோடையில் வெயில் 45 பாகையையும் எட்டுகிற நாடு. குளிர்கால இரவிலோ நீர் உறையும் அளவு குளிரும். தடித்த மண்சுவர் பகலின் வெப்பத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு, உள்ளே அது வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுமாறு செய்கிறது. மழை சுவரைக் கரைக்காமல் காக்கக் கூரையின் இறவாரம் வெளியே நீள வேண்டும். அந்த இறவாரமே நிழலாகவும் ஆகிறது. நம் கிராமத்து மண்வீட்டில் பிறந்து வளர்ந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார். சுவரின் செம்மையும் தரையின் செம்மையும் ஒன்றாகவே இருப்பதால், தொலைவிலிருந்து பார்க்கும்போது கட்டடம் தனித்துத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. உலுருவின் முன்னால் உயர்ந்து நிற்க முயலும் எந்தக் கட்டடமும் நகைப்புக்கு இடமாகும் என்பதைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள்.

இடத்தேர்விலும் ஒரு நுட்பம் உண்டு. நிலையம் பாறையின் அடியில் இல்லை. அங்கிருந்து நடைவழியே சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடுதிகள் அமைந்த யுலாரா ஊரிலிருந்து வருகிறவர், பாறையைத் தொடுமுன் இந்த நிலையத்துக்கு வந்துவிடலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் திண்ணையில் அமர்த்தி, நீர் கொடுத்து, குடும்பச் செய்தி சொல்லி, அதன் பிறகு உள்ளே அழைப்பது போன்ற ஏற்பாடு அது. நுழைந்ததும் ஜுகுர்ப்பாவை விளக்கும் ஒரு நீண்ட வழி. ஓவியமும் பாட்டும் பேச்சும் அங்கே நம்மை எதிர்கொள்கின்றன. மேலே சென்றால் அனங்குகளின் மரச்செதுக்கு வேலைகளையும் ஓவியங்களையும் விற்கும் கூடங்கள். அவற்றை நடத்துகிறவர்களும் அவர்களே.

இனி முன்னர் குறித்த செய்திக்கு வருவோம். பண்பாட்டு நிலையம் என்றால் எல்லாவற்றையும் விளக்குபடுத்திக் காட்டும் இடம் என்பது நம் எண்ணம். காட்சிப் பேழை, அதன் கீழே ஒரு சீட்டு, சீட்டில் ஒரு விளக்கம். அனங்குகள் இதற்கு உடன்படவில்லை. சொல்லத்தக்கதை மட்டுமே இங்கே சொல்கிறார்கள். சொல்லத்தகாதது இருக்கிறது என்பதையும் சொல்கிறார்கள்; அது என்ன என்பதைச் சொல்வதில்லை. நிலையத்தின் உள்ளே புகைப்படம் எடுக்கலாகாது. இறந்தவர்களின் பெயரைச் சில காலம் உரக்கச் சொல்வதும் அவர்களுடைய உருவத்தைக் காட்டுவதும் அவர்கள் மரபில் துக்கத்தை மிகுவிக்கும் செயல்கள். ஆதலால் ஒருவர் மறைந்தால் அவருடைய படம் மறைக்கப்படும். நிலையாகப் பதித்த படங்களைக் கொண்டு அருங்காட்சியகம் அமைக்கும் வழக்கம் இங்கே செல்லாது. சுவரின் வளைவுக்கு மற்றொரு பயனும் உண்டு என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அது காட்டுவதற்கு மட்டுமின்றி மறைப்பதற்கும் உதவுகிறது.

இந்த வழி ஒன்றே வழி என்று நாம் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் யிர்க்கலா என்ற இடத்தில், யோல்ங்கு இனத்தைச் சேர்ந்த ஓவியர் ஒருவருக்கும் அவர் துணைவருக்கும் கிளென் மர்கட் என்ற கட்டடக் கலைஞர் 1994-இல் ஒரு வீடு கட்டினார். மாரிகா-ஆல்டர்டன் இல்லம் என்று அது பெயர் பெற்றது. அதில் பாம்பும் இல்லை, பறவையும் இல்லை. எஃகுச் சட்டமும் ஒட்டுப்பலகையும் கொண்ட நீண்ட எளிய கொட்டகை. சன்னல்களில் கண்ணாடியே கிடையாது. தூக்கித் திறக்கும் பலகைகள் மட்டுமே. திறந்துவிட்டால் வீடு முழுவதும் ஒரு திண்ணை ஆகிவிடும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். உள்ளே இருப்பவர் வருகிறவரையும் வானிலை மாறுவதையும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தப்பட்ட வீடு. புயல் அடித்தால் அழுத்தம் வெளியேறக் கூரையில் வழியும் வைத்திருக்கிறார்கள். தொலைதூரத்தில் பகுதி பகுதியாகச் செய்து கொண்டுவந்து பூட்டியது என்றாலும், அந்த மண்ணுக்கே உரியது போல நிற்கிறது. நிலத்தோடு உறவு என்பதை அங்கே உருவத்தால் காட்டவில்லை. காற்றையும் பார்வையையும் தடுக்காமல் விட்டதே உறவாயிற்று. இரண்டில் எது மேல் என்று நம்மைக் கேட்டால், குடியிருக்க மர்கட்டின் வீடு. கதை கேட்க பர்ஜஸின் மண்சுவர் என்போம்.

ஊரை விட்டு வந்து தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர்களுக்கு இதில் சிந்திக்க ஒன்று உண்டு. நாம் தெய்வத்தையே எடுத்துக்கொண்டு பயணம் செய்கிறவர்கள். தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் ஒரு குன்றைக் கண்டதும் அங்கே சுவாமிநாதனை எழுந்தருளச் செய்து, 1973-இல் குடமுழுக்கும் நடத்திவிட்டோம். குன்று இருக்கும் இடமெல்லாம் குமரனுக்கு உரியது என்று நமக்கு ஓர் உரிமைப் பத்திரம் உண்டு. அனங்குகளுக்கு அந்த வசதி இல்லை. குனியாவின் இரண்டு அடிகள் விழுந்தது முட்டிஜுலு சுனையருகே. வேறு எங்கும் இல்லை. வேறொரு பாறையைக் காட்டி அக்கதையைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். அதனால்தான், இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலிய அரசுகள் ஆதிக்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் பிறர் இல்லங்களிலும் வளர்த்தபோது, அந்தக் குழந்தைகள் தாயை மட்டும் இழக்கவில்லை. சட்டத்தையும் சமயத்தையும் கற்றுத்தரும் நிலத்தையே இழந்தார்கள். அந்தக் கொடுமைக்காக அந்நாட்டுப் பாராளுமன்றம் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் மன்னிப்புக் கேட்டது. நாம் விரும்பிப் புறப்பட்டு வந்தவர்கள். விடுமுறைக்கு இரயிலேறினால் ஊர் போய்ச் சேரலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது.

நிலையம் 1995-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், நிலம் திரும்பக் கிடைத்த பத்தாம் ஆண்டு நிறைவில் திறக்கப்பட்டது. அதனால் என்ன விளைந்தது? ஒரு கட்டடத்தால் இவ்வளவு விளைந்தது என்று அறுதியிட்டுக் கூறுவது கடினம். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. 1990-களில் வந்தவர்களுள் நூற்றுக்கு 74 பேர் பாறையில் ஏறினார்கள். அனங்குகள் அப்போதும் ஏறுவதைத் தடை செய்யவில்லை; ‘இது எங்கள் விருப்பமன்று, தயவு செய்து ஏறாதீர்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவே. கேட்டு, காரணமும் அறிந்துகொண்டவர்களில் பலர் ஏறாமல் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பினார்கள். 2015-இல் ஏறியவர் தொகை நூற்றுக்கு 16 ஆகக் குறைந்திருந்தது. 2017-இல் நிர்வாகக் குழு ஒருமனதாக முடிவு செய்து, 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் ஏறும் வழியை நிரந்தரமாக மூடிவிட்டது. சங்கிலியையும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். மூடுவதற்கு முந்திய நாட்களில், இனி வாய்ப்பில்லை என்று எண்ணி ஏறுவதற்கென்றே வந்து வரிசையில் நின்றவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நாடு முழுவதையும் ஒரு மண்சுவர் மாற்றிவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆஸ்திரேலியா முழுவதிலுமிருந்து ஆதிக்குடிப் பிரதிநிதிகள் உலுருவின் அருகே கூடி, பாராளுமன்றத்துக்குத் தங்கள் கருத்தைச் சொல்ல அரசியல் சட்டத்திலேயே ஓர் அமைப்பு வேண்டும் என்று கோரினார்கள். 2023 அக்டோபர் 14-இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 60 பேர் அளவில் ‘வேண்டா’ என்று வாக்களித்தார்கள், கோரிக்கை தோற்றது. குனியாவும் லிருவும் அந்த மண்சுவர்களில் இன்னும் ஒன்றையொன்று நோட்டமிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதற்கிடையில் பூங்கா அலுவலகத்துக்கு அஞ்சலில் வேறொன்றும் வந்துகொண்டிருக்கிறது. உலுருவிலிருந்து ஒரு சிறு கல்லையோ ஒரு பிடி செம்மண்ணையோ நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றவர்கள், ஆண்டுகள் பல கழிந்த பின், பல நாடுகளிலிருந்தும் அவற்றைப் பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். உடன் ஒரு கடிதமும் இருக்கும். எடுத்தது தவறு, பொறுத்தருள வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார்கள். பணியாளர்கள் இவற்றை ‘மன்னிப்புக் கற்கள்’ என்று அழைக்கிறார்கள். அஞ்சலுறையில் அனுப்பியவருடைய ஊர் இருக்கும். கல்லை எடுத்தது பாறையின் எந்தப் பக்கம், எந்தச் சுனையின் அருகே என்பது பெரும்பாலும் இராது. அந்தக் கற்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது பூங்காவினர்க்குத் தீராத கேள்வியாக இருக்கிறது.